ஹனாவ்மாவுக்குப் போகலாமா?

ஹொனலுலு

அன்புள்ள நண்பா,

ஹனாவ்மா விரிகுடாவுக்கு அவ்வளவு பணம் கொடுத்துப் போகத்தான் வேண்டுமா என்று கேட்டிருந்தாய். போகலாம். ஆனால் பவளத்தின் வண்ணத்தைப் பார்க்க என்று நினைத்துக்கொண்டு போகாதே.

ஹவாயில் ஓவாஹு தீவின் தென்கிழக்கு ஓரத்தில் ஒரு பழைய எரிமலை வாய். அதன் ஒரு பக்கச் சுவரைக் கடல் உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்துவிட்டது. மேட்டில் நின்றால் நீலமும் பச்சையுமாய் முழு விரிகுடாவும் கண்ணுக்குள் அடங்கும். எல்விஸ் பிரெஸ்லியின் 1961ஆம் வருஷப் படம் ஒன்றின் சில காட்சிகளை இங்கே எடுத்தார்கள். கூட்டம் சேர அதுவும் ஒரு காரணம்.

வெளியூர்க்காரர்களில் பெரியவர்களுக்குத் தலைக்கு 25 டாலர். இரண்டு நாள் முன்னதாகக் காலை 7 மணிக்கு இணையத்தில் பதிவு திறக்கும். நம் ஊர் தட்கல் டிக்கெட் கதைதான், அசந்தால் போச்சு. வாசலில் 9 நிமிஷப் படம் வேறு காட்டுகிறார்கள்: பாறைமேல் நிற்காதே, ஆமையைத் தொடாதே, மீனுக்குத் தீனி போடாதே. அதைப் பார்க்காமல் கீழே இறங்க முடியாது. வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் பள்ளிக்கூடமா இது என்று முணுமுணுத்தார்.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. 1956இல் டெலிபோன் கேபிள் போடுவதற்காகப் பவளப்பாறையில் ஒரு பகுதியை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1967இல் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியாக அறிவித்து மீன்பிடிப்பதைத் தடுத்தார்கள். மீன் பெருகியது, மனிதரைக் கண்ட பயமும் போயிற்று. பிறகு வந்தது ஜனம். 1980களில் நெரிசலான நாட்களில் பத்தாயிரம் பேர்வரை இறங்கினார்களாம்! ஆளுக்கொரு ரொட்டித் துண்டு, இல்லாவிட்டால் உறையவைத்த பச்சைப் பட்டாணி. முரட்டு மீன்கள் அதைத் தின்று கொழுத்தன, மற்றவை ஒதுங்கின. தீனி போடுவதற்குத் தடை வந்தது 1999இல்தான். 2020இல் கொரோனாவுக்காக மாதக்கணக்கில் மூடியபோது தண்ணீர் தெளிந்ததை ஆய்வாளர்கள் அளந்தே காட்டினார்கள். திறந்தபின் தினமும் இத்தனை பேர்தான் என்று வரம்பு வைத்துவிட்டார்கள். சரியான காரியம் என்பேன்.

ஸ்நார்க்கல் மாட்டிக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தேன். கரையோரப் பவளம் பெரும்பாலும் செத்தது. பாசி படிந்து பழுப்பாக இருக்கிறது. ஆனால் மீன்! கிளிமீன் பாறையைச் சுரண்டுகிற கறுக் கறுக் சத்தம் தண்ணீருக்குள் தெளிவாகக் கேட்கிறது. அது கடித்து விழுங்கும் சுண்ணாம்புதான் பொடியாகி மணலாக வெளியே வருகிறது; நாம் துண்டு விரித்துப் படுக்கும் மணலில் அதுவும் கொஞ்சம் இருக்கும். ஹவாயின் மாநில மீனும் கண்ணில் பட்டது. உங்கள் தூத்துக்குடிக் கிளாத்திக்கு உறவு. பெயர் மட்டும் ஹுமுஹுமுநுகுநுகுஆபுவாஆ. ஒரு பேராமை எங்களைச் சட்டைசெய்யாமல் பாசி மேய்ந்துகொண்டிருந்தது.

உயிருள்ள பவளம் வேண்டுமானால் வெளிப்பாறையைத் தாண்டிப் போகவேண்டும். அங்கே நீரோட்டம் பொல்லாதது. நன்றாக நீந்தத் தெரியாதவர்கள் உள்பக்கமே இருப்பது நல்லது. உன் பிள்ளைகளுக்கு அது போதும்.

திங்கள், செவ்வாய் விடுமுறை. அந்த நாட்களில் போய் நிற்காதே. வெயிலுக்குக் களிம்பு பூசுவதைவிட முழுக்கைச் சட்டை போட்டுக்கொள். ஆக்ஸிபென்சோன் கலந்த களிம்பைப் பவளத்துக்குக் கேடு என்று 2021 முதல் இங்கே கடையில் விற்கவே தடை.

அன்புடன்,
உன் நண்பன்