முதுகில் ஒரு முக்கோணம்

கையைத் தூக்குவது கையின் வேலை மட்டும்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் கை தலைக்கு மேல் 180 பாகை உயரும்போது, அதில் ஏறக்குறைய 60 பாகை தோள்பட்டை எலும்பு சுழல்வதால் கிடைப்பது!

2ஆம் விலாவிலிருந்து 7ஆம் விலா வரை முதுகுப்புறம் படிந்திருக்கும் முக்கோணத் தட்டு இது. இதை உடலின் நடு எலும்புக்கூட்டோடு இணைக்கும் எலும்பு காறை எலும்பு ஒன்றே. மற்றபடி எல்லாம் தசைகளின் பிடிதான். மொத்தம் 17 தசைகள் இதில் ஒட்டியிருக்கின்றன. பைசெப்ஸின் நீண்ட தலை மூட்டுக்குழிக்கு மேலே தொடங்குகிறது. குட்டைத் தலை காக்கை அலகு போன்ற முளையில். டிரைசெப்ஸின் நீண்ட தலை குழிக்குக் கீழே.

தட்டை விலாவோடு அணைத்துப் பிடிப்பது ரம்பப்பல் வடிவத் தசை. அதன் நரம்பு அக்குளை ஒட்டி ஓடுகிறது. மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளில் நிணநீர்க் கணுக்களை அகற்றும்போது அது அறுபட்டால், எலும்பு இறக்கை போலப் புடைத்துக்கொள்ளும். தலை வாரக் கையைத் தூக்குவதே பெரும்பாடாகிவிடும். அதனால்தான் அறுவை மருத்துவர்கள் அந்த மெல்லிய நரம்பைத் தேடிக் கண்டுபிடித்துக் காப்பாற்றுகிறார்கள்.