முந்நீர் கடக்கும் முன்

தொல்காப்பிய அகத்திணையியலை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். ஓதல், பகை, தூது, பொருள் என ஆண் பிரிந்துபோவதற்கான காரணங்கள் அதில் வரும். கடல்கடந்து போகும்போது பெண்ணை உடன் கொண்டுசெல்லும் வழக்கமில்லை என்றும் ஒரு நூற்பா சொல்லும். கற்பியலுக்குப் போனால், ஓதற்பிரிவு மூன்றாண்டைத் தாண்டாது என்ற வரையறை இருக்கும். போகிறவனின் வீட்டை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கேள்வி மட்டும் இருக்காது. இருத்தல் என்னும் முல்லையின் உரிப்பொருளே அதற்குப் பதில்.

பத்து மாதம் தமிழ் கற்பிக்க ஐரோப்பாவுக்குப் போகப்போகிறேன். ஓதல், பொருள் இரண்டும் சேர்ந்த பிரிவு. செய்தி தெரிந்த நாளிலிருந்து விழுப்புரத்தில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: "வீட்ல சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவாங்க?" என் கணவர் இரண்டு வருடம் சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது அவரிடம் இதை ஒருவரும் கேட்கவில்லை. அவருக்கு ஒரே இரவில் பெட்டி கட்டி முடிந்தது.

பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கப் போனபோது, விண்ணப்பம் நிரப்பித் தரும் கடைக்காரர் திருமணச் சான்றிதழ் கேட்டார். 2016 டிசம்பரிலேயே அந்தக் கட்டாயத்தை வெளியுறவு அமைச்சகம் நீக்கிவிட்டது என்றேன். "இருந்தாலும் சாருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க மேடம்" என்றார். விதி மாறி வருடங்களாகியும் அந்த 'இருந்தாலும்' மாறவில்லை.

அம்மா திண்டிவனத்தில் இருக்கிறார். தினம் இரண்டு வேளை இன்சுலின். வாராவாரம் விக்கிரவாண்டி தாண்டிப் போய் மருந்து, சர்க்கரை அளவு, சீட்டு எல்லாம் பார்த்துவிட்டு வருவது நான். அண்ணன் அம்மாவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். நோட்டை அவர் கையில் கொடுத்தேன்.

"உங்க அண்ணி பாத்துப்பா, நீ போய்ட்டு வா."

"அண்ணி இல்லண்ணா. நீ."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அம்மாதான் ஊசியை எடுத்து, "வாடா, எங்க குத்தணும்னு காட்டறேன்" என்றார்.

அதே வாரம் வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி வந்தாள். "எங்கம்மாவும் ஃபாரின் போறாங்க மேடம். குவைத்துக்கு, வீட்டு வேலைக்கு." அவள் அம்மா எட்டாவது வரை படித்தவர். பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். என்று இருக்கும். வளைகுடா நாடுகள் உள்ளிட்ட பட்டியல் நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர்களுக்குக் குடியேற்ற அனுமதி வேண்டும். பெண்ணாக இருந்தால், வீட்டு வேலைக்குப் போக முப்பது வயது நிரம்பியிருக்க வேண்டும். என் பாஸ்போர்ட்டில் இந்தத் தடை எதுவும் இல்லை. படிப்பு ஒரே கடலை இரண்டு கடலாக்கி வைத்திருக்கிறது.

தெரிந்ததைச் சொன்னேன். விசிட் விசாவில் ஏற்றிவிடுகிறேன் என்று ஏஜெண்ட் சொன்னால் போகக் கூடாது. அவருக்கு உரிமம் இருக்கிறதா என்று அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்க வேண்டும். வேலை ஒப்பந்தம், பாஸ்போர்ட், விசா மூன்றுக்கும் வீட்டில் ஒரு நகல் இருக்க வேண்டும். பிரவாசி பாரதிய பீமா என்ற பத்து லட்ச ரூபாய்க் காப்பீட்டுக்கு இரண்டு ஆண்டுக்கான கட்டணம் 275 ரூபாய்தான். ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள். எழுதி முடித்து, "இனிமே முதல் அவருக்கு வர முடியாது மேடம். தம்பிக்கும் அப்பாவுக்கும் சமைக்கணும்" என்றாள்.

அந்த அம்மாவிடம் வீட்டை யார் பார்ப்பது என்று ஊர் கேட்டிருக்காது. அனுப்பப்போகும் பணம் அந்தக் கேள்வியின் வாயை அடைத்திருக்கும். ஆனால் கேள்வி எங்கும் போய்விடவில்லை, பத்தொன்பது வயதுப் பெண்ணின் தோளில் இறங்கியிருக்கிறது. அவளுடைய முதல் வகுப்பு போகிறது. நாளை பட்டமும் போகலாம்.

"தம்பிக்கு என்ன வயசு?"

"பதினாறு மேடம்."

"அப்பாவுக்கு?"

சிரித்துவிட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மாவிடம் போனில் பேசினேன். கிளம்ப இன்னும் இருபது நாள் இருக்கிறது, அதற்குள் சோறு வடிக்கவும் குழம்பு வைக்கவும் இருவருக்கும் கற்றுக்கொடுத்துவிட்டுப் போங்கள் என்றேன். "அவங்களுக்கா?" என்று இழுத்தவர், பிறகு சொன்னார்: "சரிங்க மேடம். பொண்ணு படிக்கட்டும்."

ஒரு பெண் வெளியேறும் இடத்தில் இன்னொரு பெண்ணை நிறுத்திவிட்டுப் போனால் முல்லைக்கு ஆள் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு. மாவு அரைப்பது, சிலிண்டர் பதிவு செய்வது, துணி துவைப்பது எல்லாம் அவள் அப்பா பெயரில் எழுதியாகிவிட்டது.