கள்ளக்காசு காட்டிய காலம்

லண்டனில் டவர் ஹில் சுரங்க ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால், சற்றுத் தள்ளி ஒரு பழைய சுவர் உயர்ந்து நிற்கிறது. அடிப்பகுதி ரோமானியர் கட்டியது. மேற்பகுதி இடைக்காலத்தில் சேர்க்கப்பட்டது. அலுவலகத்துக்கு விரையும் கூட்டம் இதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

நகரைச் சுற்றி ஓடிய இச்சுவர் ஏறத்தாழ கி.பி. 190க்கும் 225க்கும் இடையே எழுந்தது என்கிறார்கள் ஆய்வாளர்கள். இந்தக் கணிப்புக்கு உதவியவர்களில் கள்ள நாணயக்காரர்களும் உண்டு.

நகரின் மேற்குக் கோடியில் ஓல்டு பெய்லி குற்றவியல் நீதிமன்றம். அதை ஒட்டிய வார்விக் சதுக்கத்தில், சுவரின் உட்புறம் இருந்த சிறு கோபுரத்தைத் தோண்டியபோது களிமண் அச்சுகள் அகப்பட்டன. அவற்றில் 3ம் நூற்றாண்டுத் தொடக்க கால நாணயங்களின் பதிவுகள். யாரோ அங்கே ஒளித்துவைத்த தொழில் கருவிகள். அப்படியானால் கோபுரமும் சுவரும் அதற்கு முன்பே எழுந்திருக்க வேண்டும். சுவருக்கு வெளியே இருந்த அகழியிலும் இத்தகைய அச்சுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்துள்ளன.

செய்முறை எளிது. ஈரக் களிமண் வில்லைகளுக்கு நடுவே நல்ல நாணயத்தை வைத்து அழுத்துவார்கள். பிறகு நாணயத்தை எடுத்துவிட்டு, வில்லைகளைச் சுட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பக்கவாட்டில் வெட்டிய வழியாக உருக்கிய மலிவு உலோகத்தை ஊற்றுவார்கள். ஒரே வார்ப்பில் பல காசுகள். அடுக்கு மாறிப்போனால் ஒரு பேரரசரின் தலையும் இன்னொருவரின் பின்புறமும் ஒரே காசில் சேர்ந்துவிடும். இன்று போலியைக் காட்டிக்கொடுப்பதே இந்தப் பொருந்தா ஜோடிதான்.

வெறும் பேராசை மட்டுமே இதற்குக் காரணமல்ல. கி.பி. 43ல் கிளாடியஸின் படை பிரிட்டனில் இறங்கியபோதே சில்லறைத் தட்டுப்பாடும் தொடங்கிவிட்டது. உள்ளூரில் அடித்த செப்புக் காசுகள் தாராளமாகப் புழங்கின. லண்டனில் அரசு நாணயச்சாலை வந்ததோ, 286ல் ரோமை எதிர்த்து ஆட்சியைப் பிடித்த கராசியஸ் காலத்தில்தான்.

அசல் நாணயத்தின் யோக்கியதையும் தேய்ந்துகொண்டே வந்தது. கோவை, கரூர் வட்டாரங்களில் புதையலாகக் கிடைக்கும் அகஸ்டஸ், டைபீரியஸ் கால டெனாரியஸ்கள் ஏறக்குறைய சுத்த வெள்ளி. இருநூறு ஆண்டுகளுக்குள், செப்டிமியஸ் செவரஸ் ஆட்சியில், வெள்ளி பாதியாகக் குறைந்தது. 270 வாக்கில் நூற்றுக்கு ஐந்து பங்குகூட இல்லை. மேலே வெள்ளிப் பூச்சு, உள்ளே செம்பு. கள்ளக்காசின் இலக்கணமும் அதுதானே!

விளைவு, பிரிட்டனிலும் கால் பகுதியிலும் கோணல் முகமும் பிழை எழுத்தும் கொண்ட குட்டிக் காசுகள் பெருகின. சந்தையில் அவற்றை வாங்கியவர்களுக்குக் கண் தெரியாமல் இல்லை. கைமாற வேறு காசு இல்லை.

ரோமானியச் சட்டம் கள்ள நாணயக்காரர்களுக்குக் கொடுந்தண்டனை விதித்தது. நாணயத்தில் செம்பைக் கூட்டிய பேரரசர்களைத் தண்டிக்க எந்தச் சட்டமும் இல்லை. அவர்களைத் தண்டித்தது, அவர்கள் காசை நம்ப மறுத்த சந்தைதான்.