அச்சச் சுவை

உயர்நிலைப் பள்ளி மாணவன் ஒருவன் ஒருநாள் மாலை தன் தமிழாசிரியரிடம் விடைத்தாள் ஒன்றைக் கொணர்ந்து நீட்டினான். அமெரிக்கப் புலவராகிய எட்கர் ஆலன் போ 1845ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘அண்டங்காக்கை’ என்னும் ஆங்கிலக் கவிதையின் நயத்தை எழுதுமாறு அவன் வகுப்பிற் பணிக்கப்பட்டிருந்தான். “காக்கை கரியது, நள்ளிரவில் வந்தது, அது தீமையின் அறிகுறி, ஆதலின் கவிதை அச்சம் தருகிறது” என்பதே அவன் எழுதிய விடையின் சாரம். 20 மதிப்பெண்ணுக்கு 6 கிடைத்திருந்தது. ஆயினும், அவனை வருத்தியது அஃதன்று.

“ஐயா, முதன்முறை படித்தபோது என் உடல் சிலிர்த்தது. விடை எழுதி முடித்த பின்னர் அக்கவிதையில் ஒன்றுமே இல்லாததுபோல் ஆகிவிட்டது. நயம் ஆராய்வது என்பது பூவைப் பிய்த்துப் பார்ப்பதுதானா?” என்றான்.

அவ்வினாவை ஆசிரியர் எளிதாகத் தள்ளவில்லை. அது தள்ளத்தக்கதும் அன்று. அவனை அருகில் அமர்த்திக்கொண்டு, “தம்பி, அந்தக் காக்கை எத்தனை சொல் பேசுகிறது?” என வினவினார்.

“ஒரே ஒரு சொல், ஐயா. எதைக் கேட்டாலும் அதையே சொல்கிறது.”

“யாரோ கற்பித்த சொல்லைப் பழக்கத்தால் சொல்கிறது என்பது அம்மனிதனுக்குத் தெரியுமா?”

மாணவன் நூலைப் புரட்டினான். “தெரியும், ஐயா. அவனே அவ்வாறு எண்ணுகிறான்.”

“தெரிந்திருந்தும், மாண்டுபோன தன் காதலியை மறுமையிலேனும் காண்பேனா என்று அதனிடம் ஏன் கேட்கிறான்?”

மாணவன் வாய் திறக்கவில்லை. நெடுநேரம் அவ்வடிகளையே நோக்கியிருந்தான்.

கவிதையின் உயிர்நிலை அவ்விடத்தேதான் உள்ளது. முதலில் அம்மனிதன் விளையாட்டாகவே பறவையின் பெயரைக் கேட்கிறான். பின்னர், வரப்போகும் விடை இன்னதென அறிந்துகொண்டே, அவ்விடை தன் நெஞ்சைப் பிளக்கும் வண்ணம் வினாக்களை ஒன்றன்பின் ஒன்றாக அமைக்கிறான். புண்ணைத் தானே கிளறிக்கொள்ளும் துயரம் அது. காக்கை அவனுக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. அச்சத்திற்கு இடம் பறவையன்று. அதனை நோக்கி அமர்ந்திருக்கும் மனமே.

இக்கவிதை பிறந்த முறையை விளக்கி 1846இல் புலவரே ஒரு கட்டுரை வரைந்தார். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும் உயிராக முதலில் தம் எண்ணத்தில் தோன்றியது கிளியே என்று அதில் கூறுகிறார். அக்கட்டுரை முழுவதையும் மெய்யென ஏற்காத அறிஞரும் உளர். எனினும், கிளி வந்து அச்சொல்லைக் கூறியிருப்பின் கவிதை என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தல் மாணவர்க்கு மிகவும் பயன் தரும். ‘இது எதன் அறிகுறி?’ என்று கேட்பதினும் ‘இதனை ஏன் தேர்ந்தார்?’ என்று கேட்பது நன்று.

அச்சக் கதைகளுக்கு ஆங்கிலத்தில் ‘கோதிக்’ என்னும் பெயர் வழங்குகிறது. ‘கோத்’ என்பது பழைய ஜெர்மானிய இனத்தாரின் பெயர். பிற்காலத்தார் கூர்ந்த வளைவுகளும் உயர்ந்த கோபுரங்களும் உடைய இடைக்கால ஐரோப்பியக் கட்டடங்களைப் பழித்துரைக்க அப்பெயரை இட்டனர். சென்னைச் சாந்தோமில் 1896இல் எழுந்த தேவாலயம் அப்பாணியைப் பின்பற்றியதே. ஹொரேஸ் வால்போல் என்பார் 1764இல் வெளியிட்ட ‘ஒட்ராண்டோ கோட்டை’யே இவ்வகைக் கதைகளுக்கு முன்னோடி. பழைய இத்தாலிய நூலொன்றன் மொழிபெயர்ப்பு என்று சொல்லி அதனை உலவவிட்டார். மறு ஆண்டின் இரண்டாம் பதிப்பில்தான் தாமே இயற்றியதாக ஒப்பினார். பேருருவான தலைக்கவசம் ஒன்று விழுந்து மணமகன் நசுங்கி இறப்பதாக அக்கதை தொடங்குகிறது. இக்கால மாணவர் அதனைப் படித்துச் சிரித்தால் அவர்மேற் குற்றமில்லை.

எட்கர் ஆலன் போ 1839இல் எழுதிய ‘அஷர் மனையின் வீழ்ச்சி’யோ சிரிக்கவிடாது. இளமை நண்பனின் கடிதம் கண்டு ஒருவன் குதிரைமேல் வருகிறான். தொலைவில் மனை தோன்றியதுமே அவன் உள்ளம் கனக்கிறது. காட்சியை மாற்றிப் பார்ப்போம் என்று கருதி, மனையை அடுத்த கரிய நீர்நிலையுள் நோக்குகிறான். அதே மனை தலைகீழாய்த் தெரிகிறது. நடுக்கம் முன்னினும் மிகுகிறது. கூரையிலிருந்து சுவர் வழியே வளைந்து வளைந்து இறங்கி நீரில் மறையும் மெல்லிய விரிசல் ஒன்றையும் காண்கிறான். அதனை ஒரே முறை சொல்லிவிட்டுக் கதையாசிரியர் அப்பாற் செல்கிறார். இடையில் நண்பனின் தங்கை இறந்தாளெனக் கருதி நிலவறையில் வைக்கப்படுவதும், புயல் வீசும் இரவில் அவள் மீண்டு வருவதும், அண்ணனும் தங்கையும் ஒருங்கே மாய்வதும் நிகழ்கின்றன. அஷர் மனை என்பது கட்டடத்திற்கும் குலத்திற்கும் ஒருங்கே பெயர். நம் மொழியிலும் ‘குடி’ என்னும் சொல் வீட்டையும் குலத்தையும் குறிப்பதன்றோ?

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கும் அச்சத்தின் நிலைக்களன் என்பார். ஆசிரியர் இதனை நினைவூட்டி, “இக்கதையில் அச்சம் தருவது நான்கனுள் எது?” என்றார்.

“அணங்கு, ஐயா. நிலவறையிலிருந்து வரும் அந்தப் பெண்.”

“அவளைக் காணுமுன்னரே வந்தவன் நடுங்கினானே?”

மாணவன் மீண்டும் திகைத்தான். ஆசிரியர் மணிமேகலையைத் திறந்து, சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையைக் காட்டினார். சார்ங்கலன் என்னும் சிறுவன் தனியே சுடுகாட்டினுட் புகுந்து, பிணத்தின் தலையைக் கையேந்திக் கூத்தாடும் பேயைக் கண்டான். ஓடிவந்து தாயிடம் கூறி உயிர் நீத்தான். அவன் தாய் கோதமை கதறி முறையிட்டபோது சம்பாபதித் தெய்வம் வந்து, அவன் உயிரைப் பேய் உண்ணவில்லை என்றது. அவனது பேதைமையைப் பற்றுக்கோடாகக் கொண்டு ஊழ்வினையே உண்டது என்றது. பேய் அவனைத் தீண்டவும் இல்லை.

“அப்படியானால் காக்கையும் தீண்டவில்லை, ஐயா!” என்றான் மாணவன்.

ஆசிரியர் முறுவலித்தார். மாணவன் தன் விடையை அடித்துவிட்டுப் புதிதாக எழுதத் தொடங்கினான். நான்கு வரி எழுதியதும் நிறுத்தி, அஷர் மனைக் கதையைக் கையிலெடுத்தான். இறுதியில் அம்மனை இரண்டாகப் பிளந்து நீருள் ஆழ்கிறது. முதல்முறை படித்தபோது விரிசலை அவன் கவனித்திருக்கவேயில்லை. அது எந்த வரியில் வருகிறது என்று விரலை வைத்துத் தேடலானான்.