நீர்மேல் நிறங்கள்

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் நெருங்கி நிற்குமிடத்து நீரை உற்று நோக்கியிருக்கிறீர்களா? டீசல் சிந்திய இடமெல்லாம் ஊதாவும் பச்சையும் செம்பொன்னும் மிதக்கும். டீசலில் அந்நிறங்கள் இல்லை, நீரிலும் இல்லை.

தாமஸ் யங் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1807இல் வெளியிட்ட விரிவுரை நூலில் இதற்கு வழி கிடைக்கிறது. அருகருகே உள்ள இரு நுண்ணிய பிளவுகளின் வழியே ஒளி சென்றால், எதிரே உள்ள திரையில் ஒளிக்கோடும் இருட்கோடும் மாறி மாறி விழும். அலைத்தடுப்புச் சுவரில் மோதித் திரும்பும் அலை, வரும் அலையைச் சந்திப்பதைப் பாருங்கள். முகடும் முகடும் சேர்ந்தால் நீர் எழும்பும். முகடும் பள்ளமும் சேர்ந்தால் அடங்கிவிடும். ஒளியும் அவ்வாறே. ஒளியோடு ஒளி சேர்ந்து இருளாவது எனக்கு இன்றும் வியப்பே!

எண்ணெய்ப் படலத்தில் பிளவுகளுக்குப் பதிலாக அதன் இரு முகங்கள் உள்ளன. மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும், அடிப்பரப்பு வரை சென்று மீளும் ஒளியும் கலக்கையில், படலத்தின் கனத்திற்கேற்பச் சில நிறங்கள் ஓங்கும், சில மடியும். அக்கனம் மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு மெலிதாய்ப் பரவினால் ஒரே லிட்டர் எண்ணெய் ஆயிரம் சதுர மீட்டர் நீரை மூடிவிடும்.

ஆதலால் நிறம் ஓர் அளவுகோலும் ஆகும். படலம் மிக மெலிந்தால் வெள்ளிச்சாம்பல் மினுக்கம் மட்டுமே தெரியும். சற்றுத் தடித்தால் வானவில். மேலும் தடித்தால் எண்ணெயின் சொந்த நிறம். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்க் கடலில் இரு கப்பல்கள் மோதியபின், எர்ணாவூர்க் கரையில் வாளி வாளியாக அள்ளப்பட்டது ஒளி ஊடுருவ இயலாத கருங்குழம்பு. அதில் வானவில் இல்லை.