சுருதி அசையாது, நிறம் அசையும்

1980-களின் ஹைப்ரிட் சிந்தசைசர்களை மென்பொருளாக மறுபடி செய்து வெளியிடுகிறார்கள். அப்படிப் புதிதாக ஒன்று வந்தால் நான் முதலில் சோதிப்பது ஒன்றைத்தான்: ஒரே கட்டையைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் என்ன ஆகிறது?

ஹைப்ரிட் என்றால் பாதி டிஜிட்டல், பாதி அனலாக். அலையைப் பிறப்பிப்பது டிஜிட்டல் சிப். அதைச் செதுக்கி மென்மையாக்குவது அனலாக் ஃபில்டர். அந்தக் காலத்தில் மெமரிக்கு விலை அதிகம். ஒரே நேரத்தில் ஒலிக்கும் எட்டுக் குரலுக்கும் ஃபில்டரைக் கணக்குப் போட்டே செய்து முடிக்கும் வேகம் அன்றைய பிராசசர்களுக்கு இல்லை. ஆனால் கர்டிஸ் போன்ற நிறுவனங்களின் அனலாக் ஃபில்டர் சிப்புகள் எளிதாகக் கிடைத்தன. இரண்டையும் சேர்த்து வைத்தார்கள். ஹாம்பர்கில் வோல்ஃப்காங் பாம் உருவாக்கிய பிபிஜி வேவ் 2.2 1982-ல் வந்தது. 1986-ல் சீக்வென்ஷியலின் புராஃபெட் விஎஸ், என்சோனிக்கின் ஈஎஸ்க்யூ-1 இரண்டும் வந்தன. அதே ஆண்டுதான் இங்கே இளையராஜாவின் இசையில் ‘விக்ரம்’, ‘புன்னகை மன்னன்’ வெளியாகி, சிந்தசைசர் ஒலி டீக்கடை வரை வந்து சேர்ந்தது.

புதுக்கோட்டையில் மெல்லிசைக் குழு நடத்திய என் நண்பரிடம் கோர்க் டிடபிள்யூ-8000 இன்னும் ஓடுகிற நிலையில் இருக்கிறது. 1985-ல் வந்த கருவி. எட்டுக் குரல், குரலுக்கு அலை பிறப்பிக்கும் இரண்டு டிஜிட்டல் ஆசிலேட்டர், சிப்பில் பதிந்த 16 அலைவடிவங்கள். ஒவ்வொரு குரலுக்கும் தனியாக ஓர் அனலாக் ஃபில்டர். ஒரே கட்டையை விட்டு விட்டு அழுத்தினால் கருவி எட்டுக் குரல்களையும் முறை வைத்து மாற்றித் தருகிறது. சுருதி இம்மியும் நகர்வதில்லை, அது டிஜிட்டல் கடிகாரத்தின் கணக்கு. நிறம்தான் நகர்கிறது. ஒரு குரல் கொஞ்சம் திறந்து ஒலிக்கும், அடுத்தது சற்றே மூக்கடைத்தாற்போல் வரும். எட்டு ஃபில்டரும் அச்சாக ஒன்றுபோல் இருக்க முடியாது என்பதால் வரும் வேறுபாடு இது. நான்கு சுரங்களைச் சேர்த்துப் பிடிக்கும்போது கிடைக்கும் அகலத்துக்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

இதை மென்பொருள்கள் அடிக்கடி தலைகீழாகச் செய்கின்றன. ‘டிரிஃப்ட்’ என்றோ ‘அனலாக்’ என்றோ பெயரிட்டு ஒரு குமிழ் இருக்கும். திருகினால் சுருதி தள்ளாடும். மினிமூக் போன்ற முழு அனலாக் கருவிக்கு அது சரி. ஆசிலேட்டர் டிஜிட்டலாக இருக்கும் இந்தக் குடும்பத்துக்கு அது பொய்யான வயோதிகம். இங்கே தேவைப்படுவது சுருதியை அப்படியே விட்டுவிட்டு, ஃபில்டர் வெட்டத் தொடங்கும் புள்ளியான கட்-ஆஃபைக் குரலுக்குக் குரல் சற்று விலக்கி வைக்கும் ஏற்பாடு.

டிஜிட்டல் பாதியில் இதற்கு நேர்மாறான தவறு நடக்கிறது: அளவுக்கு மீறிச் சுத்தம் செய்துவிடுகிறார்கள். பிபிஜியின் அலைகள் 8-பிட். அலைகளை வரிசையாக அடுக்கிய ஒரு வேவ்டேபிளில் 64 படிகள். மெதுவாக நகர்த்தினால் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குத் தாவுவது காதில் விழும். பின்னாளில் வந்த பல வேவ்டேபிள் மென்பொருள்கள் அந்த இடைவெளிகளை நிரவி, வழவழவென்று ஓடவிடுகின்றன. கேட்க இனிமைதான், ஆனால் அது பிபிஜி இல்லை. பிபிஜி மரபிலிருந்து வந்த வால்டோர்ஃப் நிறுவனத்தின் பிபிஜி வேவ் 3.வி அந்தச் சொரசொரப்பை மதிக்கிறது. அதற்காகவே எனக்கு அதன் மேல் பிரியம்.

ஈஎஸ்க்யூ-1-க்குள் இருக்கும் டாக் 5503 சிப்பை வடிவமைத்தவர் பாப் யான்ஸ். கமடோர் 64 கணினியின் சிட் சிப்பும் அவர் செய்ததுதான். அதுவும் டிஜிட்டல் ஆசிலேட்டரும் அனலாக் ஃபில்டரும் சேர்ந்தது. ஈஎஸ்க்யூ-1-க்குப் பின் வந்த எஸ்க்யூ-80-க்கு எஸ்க்யூ8எல் என்று ஓர் இலவச மென்பொருள் உண்டு. தனி ஒருவர் எழுதியது, 32-பிட் விண்டோஸுக்கானது, இன்றைய 64-பிட் மென்பொருள்களில் நேரடியாக ஏறாது. ஆர்ட்டூரியா 2021-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த எஸ்க்யூ80 வி எல்லா வசதியும் உள்ளது. மேல்ஸ்தாயியில் வரும் கரகரப்புக்கு நான் இன்னமும் பழையதைத்தான் தேடிப் போகிறேன். அகலமான, மெல்ல நகரும் ஒலிகளுக்கு ஆர்ட்டூரியா.

இதையெல்லாம் யோசிக்கும்போது எங்கள் மாவட்டத்துக் குடுமியான்மலை ஞாபகம் வராமல் இருப்பதில்லை. புதுக்கோட்டைக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டர். குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில், 7-ஆம் நூற்றாண்டு என்று கருதப்படும் இசைக் கல்வெட்டு, பல்லவ கிரந்த எழுத்தில், ஏழு பகுதிகளாக. சுரங்கள் தெளிவாக வாசிக்கக் கிடைக்கின்றன. ஆனால் ஒரே சுரத்தை ர, ரி, ரு, ரெ என்று நான்கு உயிரொலிகளில் மாற்றி மாற்றி எழுதியிருப்பது எதைக் குறிக்கிறது என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். சிப்பில் பதிந்த அலைகளும் அப்படித்தான். ஒரு பிட் பிசகாமல் நகலெடுத்துவிடலாம். அந்த அலை வெளியே வரும் வழியில் சிலிக்கானும் மின்தேக்கியும் அதை என்ன செய்தன என்பதை மட்டும் காதால் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

எதோடு ஒப்பிடுவது என்ற கேள்வியும் எனக்கு உண்டு. திருவரங்குளத்தில் இந்த ஒலிகளை நாங்கள் முதலில் கேட்டது கோயில் விசேஷத்திலும் கல்யாண வீட்டிலும் கட்டிய கூம்பு ஒலிபெருக்கியில். கூம்புக்கு அடித்தொனியும் கிடையாது, உச்சத் தொனியும் கிடையாது. நடுப்பகுதி மட்டும் வயலைத் தாண்டிப் போகும். ஹெட்போனில் எந்த மென்பொருளைக் கேட்டாலும் முதலில் ‘இவ்வளவு இருந்ததா?’ என்றுதான் தோன்றுகிறது. அதனால் என் நினைவை நான் அளவுகோலாக வைத்துக்கொள்வதில்லை. நண்பரின் கருவிதான் அளவுகோல்.

அந்தக் கருவிக்கு டிடபிள்யூ வரிசையைப் பின்பற்றிய எஃப்பி-7999 என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஃபுல் பக்கெட் மியூசிக் வெளியிட்டது. இரண்டையும் அருகருகே வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். கருவியில் அலைகளை அடைத்துவிட்டு நாய்ஸை மட்டும் ஃபில்டர் வழியே விட்டு, எட்டுக் குரல்களையும் தனித்தனியாகப் பதிவு செய்யப் போகிறோம்: மார்கழிக் காலைக் குளிரில் ஒரு தடவை, சித்திரை மதிய வெயிலில் ஒரு தடவை. சூடு ஏறும்போது எந்தக் குரல் எவ்வளவு விலகுகிறது என்பது எண்ணாகக் கிடைத்துவிடும். பிளக்-இன் எழுதுகிறவர் யார் கேட்டாலும் அந்த அளவுகளைக் கொடுக்க நண்பர் சம்மதித்திருக்கிறார்.