ஒரே ஆளுக்கு நாலு பெயர்

புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில், கந்தர்வகோட்டைக்கு முன்பாகவே பிரியும் ஒரு கிளைச் சாலையில் இருக்கிறது அந்த ஊர்ப்புற நூலகம். ஒற்றை அறை, சுவரோரம் இரும்பு அலமாரிகள், நாளிதழ் படிக்க ஒரு நீள மேசை. நூலகர் நாற்பதைத் தாண்டிய பெண்மணி. ஊர்ப் பெரியவர்கள் அவரைத் தாயி என்கிறார்கள், பள்ளிப் பிள்ளைகள் அக்கா என்கிறார்கள். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

நான் போனது அவர் வேலையைப் பார்க்க. நூலகத்தில் உள்ள புத்தகங்களை எல்லாம் ஒரு கூகுள் ஷீட்டில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். பக்கத்து ஊர் நூலகர்கள் சிலரும் அதே தாளில் தங்கள் புத்தகங்களைச் சேர்க்கிறார்கள். யாரும் உத்தரவு போட்டுச் செய்யும் வேலையல்ல.

"டிஎன்பிஎஸ்சி படிக்கிற பிள்ளைங்க வந்து கேக்கும் சார். இங்க இல்லைன்னு சொல்லி அனுப்புவேன். அந்தப் புத்தகம் நாலு கிலோமீட்டர் தள்ளி அடுத்த நூலகத்துல தூசி பிடிச்சுக் கிடக்கும். எனக்கும் தெரியாது, அவங்களுக்கும் தெரியாது."

முதல் தடை பழைய பட்டியல். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிடிபி கடையில் கொடுத்து அடித்து வாங்கியது, பாமினி எழுத்துருவில். கைபேசியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டியது. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு உரிய இடத்தில் உட்கார்ந்திருப்பது அரைப்புள்ளிதான். அந்த எழுத்துரு இல்லாத கருவியில் எல்லாம் அப்படித்தான் தெரியும். தன் வீட்டுத் தெருவில் இருக்கும் கல்லூரி மாணவியிடம் கேட்டார். அவள் இணையத்தில் எழுத்துரு மாற்றி ஒன்றைக் காட்டிக் கொடுத்தாள். ஒட்டினார், யூனிகோடில் தமிழ் வந்தது. "அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோசத்துக்கு அளவே இல்ல."

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. மௌனியின் கதைத் தொகுப்பு அவர் கையில் இருக்கிறது, தாளில் தேடினால் இல்லை. பட்டியலில் வரிவரியாக இறங்கிப் பார்த்தபோது அகப்பட்டது. 'மௌ' என்ற ஓரெழுத்துக்குப் பதிலாக 'மெ' போட்டு, பக்கத்தில் ஒரு 'ள' போட்டிருந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு வேறு வேறு. ஔவையாரும் அதே கதி: சில இடங்களில் 'ஔ', சில இடங்களில் 'ஒ'வும் 'ள'வும்.

மாணவி உதவ முன்வந்து, கொம்புக்குப் பின்னால் 'ள' வரும் இடத்தை எல்லாம் ஒரே சொடுக்கில் மாற்றிவிட்டாள். வெள்ளம், வெள்ளி, தெளிவு என்று தலைப்பில் இருந்த சொற்களெல்லாம் சிதைந்து போயின. நூலகர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினார். எது 'மௌனம்', எது 'மெள்ள' என்று பிரித்துச் சொல்ல வாசிக்கத் தெரிந்த ஒரு மனிதர் வேண்டியிருக்கிறது. கணினிமயமாக்கம் பற்றிப் பேசும்போது இந்த மனிதரை நாம் கணக்கில் சேர்ப்பதே இல்லை. எனக்கு இதில் ஆத்திரம் உண்டு. வேகமாகத் தட்டச்சு செய்பவருக்குக் கூலி பேசுகிறோம். சரிபார்ப்பவருக்கு ஒரு பைசா ஒதுக்குவதில்லை.

குரல்வழித் தட்டச்சையும் கற்றுக்கொண்டிருக்கிறார். கைபேசியை வாயருகே பிடித்து "கல்கி, பொன்னியின் செல்வன், இரண்டாம் பாகம்" என்றார். பிழையில்லாமல் விழுந்தது. "கு.ப.ரா." என்றார். 'குப்பரா' என்று வந்தது. தமிழ் எழுத்தாளர்களில் பாதிப் பேர் முன்னெழுத்தில் வாழ்கிறவர்கள். அதனால் தலைப்பைச் சொல்லி ஏற்றுகிறார், ஆசிரியர் பெயரைக் கையால் அடிக்கிறார். பழைய புத்தகங்களின் அட்டையைக் கேமராவில் பிடித்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் வசதியையும் பயன்படுத்துகிறார். ஆனால் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்த 1978-க்கு முன் அச்சான நூல்களில் 'லை', 'ணை', 'னை' எல்லாம் துதிக்கை தூக்கிய வடிவில் இருக்கும். அங்கே கேமரா தடுமாறுகிறது. அவர் அட்டையைப் பார்த்த கணத்திலேயே, "இது பழசு சார், கையாலதான் அடிக்கணும்" என்று தனியே எடுத்து வைத்துவிடுகிறார்.

இந்தப் பழைய நூல் சிக்கலின் முழு ஆழமும் தெரிய வேண்டுமென்றால் புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்துக்குப் போக வேண்டும். ஆசிரியப் பணியில் இருந்த பா. கிருஷ்ணமூர்த்தியும் டோரதி கிருஷ்ணமூர்த்தியும் தங்கள் சம்பாத்தியத்தைப் போட்டு உருவாக்கிய ஞானாலயா ஆய்வு நூலகம் அங்கே இருக்கிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள், அவற்றில் ஏராளமான முதற்பதிப்புகள், நின்றுபோன சிற்றிதழ்கள். பழைய தமிழ் நூல்களின் முகப்புத்தாளில் பல நேரம் ஆங்கில ஆண்டு இருக்காது. சர்வசித்து வருடம் என்று மட்டும் போட்டிருந்தால், அது 1887-ஆ, 1947-ஆ? அறுபதாண்டுச் சுழற்சியில் இரண்டுமே சர்வசித்துதான். அச்சகத்தின் பெயர், தாள், பதிப்பித்தவரின் காலம் எல்லாவற்றையும் வைத்துத்தான் முடிவு சொல்ல முடியும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலோ விக்கிமூலத்திலோ ஒரு பழைய நூலை நொடியில் திறந்து வாசிக்கிறோம். யாரோ ஒருவர் அந்த நொடிக்கு முன்னால் இந்த விசாரணையைச் செய்து முடித்திருக்கிறார்.

மதிய நேரம் வாசகர் வரத்து குறைந்ததும் நூலகர் தன் அம்மாவைப் பற்றிப் பேசினார். 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் புதுக்கோட்டைக் கிராமங்களில் புகுந்தது. எழுத்தோடு சேர்த்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளும் கற்றார்கள். இவருடைய அம்மாவும் அப்போது கற்றவர். "களத்துமேட்டுல ராத்திரி நிலா வெளிச்சத்துல ஓட்டிப் பழகுனாங்களாம். ஆம்பளைங்க சிரிச்சிருக்காங்க. ஒரு மாசத்துல எங்கம்மா பின்னால என்னை உக்கார வச்சு ஓட்டுச்சு."

அறிவொளியில் சொல்லிக்கொடுத்தவர் அதே ஊர்க்காரர், மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். இன்று நூலக ஊழியர்களுக்குக் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் ஒருநாள் பயிற்சி. திரையில் படம் ஓடும், மதியச் சாப்பாடு, சான்றிதழ். ஊருக்குத் திரும்பி முதல் சந்தேகம் வரும்போது கேட்க ஆளிருக்காது. புதுக்கோட்டையில் கணினித் தமிழ்ச் சங்கத்தார் ஆசிரியர்களுக்கு நடத்திய இணையத் தமிழ்ப் பயிற்சி முகாம்களின் பலன், முகாம் முடிந்த பிறகும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் பழக்கம் வந்ததில் இருக்கிறது என்று நினைக்கிறேன். இந்த நூலகருக்கு அந்த இடத்தில் இருப்பவள் தெருவிலிருக்கும் மாணவி. அவளுக்குத் திருமணமாகி வேற்றூர் போய்விட்டால் என்ன செய்வது என்பது அவருக்கு உள்ளபடியே கவலை.

இப்போது அவர் மெனக்கெடுவது ஆசிரியர் பெயர்களை ஒரே வடிவில் கொண்டுவருவதில். இந்தத் தொல்லைக்கு வயது அதிகம். கணித ஆசிரியராக இருந்த சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, அதே ஆண்டு லண்டனுக்குப் போய் நூலகத் தொழிலைக் கற்றார். அங்கே குடும்பப் பெயரை முன்னால் தள்ளி, சொந்தப் பெயரைப் பின்னால் போட்டுப் பட்டியல் அட்டை எழுதுவார்கள். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? அப்பா பெயரின் முதலெழுத்து, சில வேளை ஊர்ப்பெயரின் எழுத்து, பிறகு சொந்தப் பெயர். ரங்கநாதன் 1934-இல் வெளியிட்ட பட்டியலாக்க விதித் தொகுப்பில் இந்தியப் பெயர்களுக்கும் விதி வகுத்தார். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பது அவர் வகுத்த நூலகவியல் விதிகள் ஐந்தில் நான்காவது. ஒரே எழுத்தாளர் பட்டியலில் நாலு பெயரில் சிதறிக் கிடந்தால் அந்த விதி அங்கேயே அடிபட்டுப் போகிறது.

இந்த நூலகரின் தாளில் அப்படிச் சிதறிக் கிடந்தவர் அகிலன். 1975-ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருதைத் தமிழுக்கு முதன்முதலில் கொண்டுவந்தவர், 1922-இல் பிறந்தது இதே தஞ்சாவூர்ச் சாலையில் இருக்கும் பெருங்களூரில். ஒரு நூலகர் 'அகிலன்' என்று அடித்திருக்கிறார், இன்னொருவர் 'பி.வி. அகிலன்', மற்றொருவர் 'அகிலன், பி.வி.', வேறொருவர் இயற்பெயரைப் பிடித்து 'அகிலாண்டம்'. போதாததற்கு அவருடைய நாவல் ஓரிடத்தில் 'சித்திரப்பாவை', ஓரிடத்தில் 'சித்திரப் பாவை', ஒற்று விட்டுப்போய் ஓரிடத்தில் 'சித்திரபாவை'.

"சொந்த ஊர்க்காரரையே தேடிக் கண்டுபிடிக்க முடியலன்னா எப்புடி சார்?"

அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதத் தொடங்கினார். இடப்பக்கம் தாளில் இனி எழுத வேண்டிய பெயர், வலப்பக்கம் அந்த ஆளுக்கு உள்ள மற்றப் பெயர்கள். புதுமைப்பித்தனுக்கு எதிரே சொ. விருத்தாசலம், கல்கிக்கு எதிரே ரா. கிருஷ்ணமூர்த்தி, சுஜாதாவுக்கு எதிரே எஸ். ரங்கராஜன். மாணவி விக்கித்தரவைக் காட்டியிருக்கிறாள். அதில் ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் எண், அந்த எண்ணின் கீழ் அவருடைய எல்லாப் பெயர்களும், எல்லா மொழிகளிலும். நோட்டில் மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டு அந்த எண்ணையும் எழுதி வருகிறார். உலகத்துப் பெரிய நூலகங்கள் தனிப் பிரிவு வைத்துச் செய்கிற வேலை இது. இங்கே மை கசிகிற பேனாவோடு ஒருவர் செய்துகொண்டிருக்கிறார், அதுவும் சரியாக.

நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து வாட்ஸப் குழுவில் போட்டுவிடுவார். மற்ற நூலகர்கள் பார்த்துத் தங்கள் வரிசைகளைத் திருத்திக்கொள்வார்கள். நான் இருக்கும்போதே அகிலன் பக்கத்துக்குப் பதில் வந்தது. குரல் செய்தி. பக்கத்து ஊர் நூலகர், வயதில் மூத்தவர் போலிருந்தது.

"தங்கச்சி, எல்லா அகிலனையும் ஒண்ணாக்கிராத. எங்கிட்ட ரெண்டு புத்தகம் இருக்கு, ரெண்டும் இலங்கை. ஒருத்தரு பா. அகிலன், கவிஞரு. இன்னொருத்தரு த. அகிலன். நம்ம பெருங்களூர்க்காரரு வேற. முன்னெழுத்தப் பாத்து மாத்து."

அவர் நோட்டை மறுபடி விரித்து, அகிலன் பெயருக்குக் கீழே இரண்டு வரி இடம்விட்டு எழுத ஆரம்பித்தார்.